மரையில் தெரிந்த மோகனதாஸ்

யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்து ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் லேத் பிடித்த சபாரத்தினத்துக்கு இரும்பைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. ஆளை எடைபோடத்தான் தெரியாது, பாவம்.

1985இல், வேலியும் குழாயும் பழுதுபார்த்துக் கொடுத்த நன்றிக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒரு பழைய அமெரிக்க ரிவால்வரை அவருக்குக் கொடுத்தார். தோட்டா போடுகிற வகையல்ல. அறைக்கு அறை கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை அமுக்கி, பின்னால் செப்புத்தொப்பி மாட்டிச் சுடவேண்டிய, நூற்றிருபது வருடச் சாமான். இந்த நாட்டில் ஒருவர் மனமுவந்து அவருக்குத் தந்த முதல் பொருள் அதுதான். ஆசையாகத் திருகுகளைக் கழற்றித் துடைத்தார். திருகில் சுற்றிச் சுற்றி ஓடும் மரை எல்லாம் அங்குலக் கணக்கு.

துடைத்து முடித்ததும் பயம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி குணவதிக்கு விசா கேட்டிருக்கிறார். இந்த நேரத்தில் வீட்டில் துவக்கா? அதைப் பையில் போட்டுக்கொண்டு நகரின் மறுகோடியில் உள்ள ஹென்டர்சனுக்கு ஓடினார். அங்கேதான் அவருடைய ஒரே சிநேகிதர், பழைய துப்பாக்கிகள் சேர்க்கிற மலேசியாக்காரர் மோகனதாஸ் இருந்தார்.

"பயப்படாதீங்கண்ணே. அசல் பழசு, சும்மா அழகுக்கு வெச்சிருந்தா லைசன்ஸ் வேணாம். இதையே இத்தாலியில இப்ப புதுசா செய்யுறான் பாருங்க, அதுக்குத்தான் லைசன்ஸ், பெர்மிட் எல்லாம்."

சொன்ன கையோடு, கண்காட்சிக்கு இரண்டு வாரம் வேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். நம்மவரிடம் போய் ரசீது கேட்பதா? அது மரியாதையா? சபாரத்தினம் தேநீரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

சொன்னபடி ரிவால்வர் திரும்பி வந்தது. அதே கறை, அதே மரப்பிடி. எண்ணெய் போடலாமென்று ஒரு திருகைக் கழற்றினார். மரை அளக்கும் அங்குலக் கோலின் பற்கள் அதில் உட்காரவில்லை. மில்லிமீட்டர் கோல் பொருந்தி உட்கார்ந்தது. அட கடவுளே! அந்தக் காலத்து அமெரிக்கச் சாமானில் மில்லிமீட்டர் மரையா? கறைகூட அமிலம் பூசி வரவழைத்தது.

அன்றைக்கே போய் நின்றார். "இது என்ரை இல்லை, மோகன். என்ரையைத் தாரும்."

மோகனதாஸ் கண்கூடச் சிமிட்டவில்லை. "போலீஸுக்குப் போங்களேன் அண்ணே. ஆனா உங்க கையில இருக்கிறது புதுசாச்சே, லைசன்ஸ் இருக்கா? அண்ணி விசா வேற பாதியில நிக்குது."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தமாட்டான் என்பார்கள். இங்கே களவு கொடுத்தவனுக்கல்லவா கொட்டியது! பொருள் போனதுகூடப் பெரிதில்லை. சட்டம் சொல்லித் தைரியம் கொடுத்த அதே வாயால் கழுத்தை நெரித்தானே, அதுதான் சபாரத்தினத்துக்கு வயிறெரிந்தது. திங்கட்கிழமை தொழிற்சாலையின் இரும்பறுக்கும் வாளில் அந்தப் போலியை ஏழு துண்டாக அறுத்து இரும்புக் கழிவோடு போட்டார். இனி நிரூபிக்கவும் ஒன்றுமில்லை.

நான்கு மாதத்தில் விசா கிடைத்தது. விமான நிலையத்தில் குணவதி வெளியே வரும்போது, எப்படியோ நாளறிந்து, பூங்கொத்தும் கையுமாக மோகனதாஸ் நிற்கிறார்! என்ன நெஞ்சழுத்தம்!

"மோகன் தம்பியோ?" குணவதியின் முகம் மலர்ந்தது. "கூடப்பிறந்தவன் மாதிரி எண்டு இவர் கடிதத்துக்குக் கடிதம் எழுதினவர்."

"வாங்கண்ணி," என்று மோகனதாஸ் பெட்டியில் கை வைத்தார்.

சபாரத்தினம் அந்தக் கையைப் பிடித்து அகற்றினார்.

"நான் எழுதின ஆள் செத்துப்போனான், குணவதி. இவரை எனக்குத் தெரியாது. வாரும், பஸ்ஸிலை போவம்."