ஐந்தாவது ரீலில் ஒரு கதவு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது. 2023 ஜூன் 14, புதன்கிழமை. பட்டப்பகல். நேரங்களை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. கணினியிலும் போனிலும் பதிவாகியிருக்கின்றன.

ஹட்டனில், வாடகை வீட்டின் பின்னறையில் நான் பழைய படங்களைத் திருத்துகிறேன். கீறல் விழுந்த பிலிம் சுருள்களைக் கணினியில் ஏற்றி, தூசியையும் இரைச்சலையும் எடுத்து, வீட்டு டீவியில் பளிச்சென்று பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் தொழில். வெளிச்சமும் சத்தமும் வரக்கூடாது என்பதால் அந்த அறைக்கு யன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஸ்பொஞ்ச். ஒரே ஒரு கதவு.

அந்த வருடம் கணேசமூர்த்தி என்பவர் கொழும்பிலிருந்து ஏழு தகரப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். இறந்துபோன அவருடைய அப்பா 1973இல் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எடுத்தது. அப்பாவின் நினைவு நாளுக்கு அதை இணையத்தில் விடப்போவதாகச் சொன்னார். பெட்டிகளைத் திறந்ததும் வினாகிரி நெடி மூக்கில் ஏறியது. பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் மணக்கும்.

மூன்று மாதம் உழைத்தேன். படத்தைச் சுத்தம் செய்து அதற்கு முந்தின வாரமே அனுப்பியிருந்தேன். ஒலி மட்டும் பாக்கி.

ஐந்தாவது ரீலில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, எரியும். கதைப்படி கதாநாயகன் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிடுவான். ஆளில்லாத லயம்தான் எரியும். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி.

அன்று என் மனைவி ஷாமிலா படிப்பிக்கப் பாடசாலைக்குப் போயிருந்தாள். பின்னேர வகுப்பும் இருந்தது. முன்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் போனாள். வெளியே விடாத மழை.

மணி 2.10. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். நெருப்பு சடசடக்கும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

டக்… டக்… டக்…

பிலிமை ஒட்டிய இடத்தில் வரும் சத்தம் என்று நினைத்தேன். சரியாக 1 நிமிடம் 47ஆவது வினாடியில் இருந்தது. வெட்டி எடுத்தேன்.

மீண்டும் ஓடவிட்டேன்.

இப்போது 1 நிமிடம் 52இல் கேட்டது. முன்பு அந்த இடத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. அதையும் வெட்டினேன். அடுத்து 1 நிமிடம் 58. தட்டும் வேகம் கூடியிருந்தது.

இரைச்சலை இன்னும் குறைத்தேன். அப்போதுதான் குரல் வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

"ஐயா… தொறங்க…"

2.41க்குக் கணேசமூர்த்திக்குப் போன் எடுத்தேன்.

"லயம் எரியிற எடத்துல ஒரு பொம்பள சத்தம் வருதுங்க."



"எடுத்துருங்க," என்றார்.

"யாரு அது?"

"நெருப்பு சத்தம் மட்டும் போதும். எடுத்துருங்க."

போனை வைத்துவிட்டார்.

எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான்கு தரம் எடுத்தேன். ஒவ்வொரு தரமும் அவள் இன்னும் தெளிவாக வந்தாள். நான் சுத்தம் செய்யச் செய்ய அவள் கிட்ட வந்தாள்.

"ஐயா, போதும்யா… சுடுது… தொறங்கய்யா…"

திருத்தாத மூலப் படத்தைத் திறந்தேன். லயத்தின் கதவைப் பெரிதாக்கினேன். வெளியே கொண்டி போட்டிருந்தது. கொண்டிக்குள் ஒரு தடி செருகியிருந்தது. கதவுக்கு அடியில், நிலத்தோடு ஒட்டி, வெள்ளையாகச் சில புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளை எனக்குத் தெரியும். தூசி என்று நினைத்துத் துடைத்திருந்தேன். தொண்ணூற்றாறு பிரேம்களில், ஒவ்வொன்றாக.

அவை அசைந்தன.

விரல்கள்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். மணி 3.26.

சத்தம் நிற்கவில்லை.

டக்… டக்… டக்…

வயரைப் பிடுங்கினேன். கணினியை அணைத்தேன். அறை இருண்டது.

சத்தம் நிற்கவில்லை.

புகை மணத்தது. கதவுக்கு ஓடினேன். தள்ளினேன். திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

"யாரு? யாரு வெளிய?"



கதவு சுட்டது.

மூச்சு முட்டியது. தரையில் படுத்தேன். கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் விரல்களை விட்டேன். காற்றுக்காக…

கதவுக்கு வெளியே ஒரு சத்தம்.

கர்ர்ர்ர்ர்…

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். பிலிம் கமரா ஓடுகிற சத்தம்.

பிறகு ஓர் ஆணின் குரல். மெதுவாக. பதற்றமே இல்லாமல்.

"நிப்பாட்டாத… ஓடட்டும்."

கத்தினேன்.

"தொறங்க! ஐயா, தொறங்க!"

கர்ர்ர்ர்ர்…

4.25க்கு ஷாமிலா வந்து திறந்தாள்.

"யாருங்க வெளிய தாழ்ப்பா போட்டது? முன்கதவு பூட்டித்தானே இருந்திச்சி!"

வீட்டில் புகை இல்லை. கதவில் ஒரு கரி கூட இல்லை. அவள் என் கையைப் பிடித்தாள். பத்து விரல் நுனியும் வெந்து கொப்பளித்திருந்தன.

அன்றிரவே கணேசமூர்த்தியிடம் படத்தை வெளியிட வேண்டாம் என்று கெஞ்சினேன். மீதி வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவேயில்லை.

படத்தின் பெயர்ப் பட்டியலில் இருந்தவர்களில் கமராக்காரர் மரியநாயகம் மட்டும்தான் உயிரோடு இருந்தார். கினிகத்தேனையில், மகன் வீட்டில். எண்பத்திரண்டு வயது. ஜூலை 2ஆம் திகதி போய்ப் பார்த்தேன். நெருப்புச் சத்தத்தில் கேட்டதைச் சொன்னேன்.

"அந்தக் கமராவுல சத்தமே பதியாது தம்பி," என்றார். "நெருப்பு சத்தம் பொறகு ஸ்டூடியோவுல தாள கசக்கி எடுத்தது."

"'நிப்பாட்டாத, ஓடட்டும்'னு யாரோ சொன்னாங்களே?"

கிழவரின் முகம் வெளுத்துவிட்டது.

"அத டைரக்டர் என் காதுக்குள்ள சொன்னாரு. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் விரல்களைக் காட்டினேன். அவற்றைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

அவள் பெயர் ராசம்மா. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். உள்ளே இருந்து கதவைத் தட்ட வேண்டும், இரண்டு நிமிடத்தில் திறந்துவிடுவோம் என்று சொல்லி உள்ளே விட்டார்களாம். காற்று திரும்பிவிட்டது. கூரை விழும்வரை கமரா ஓடியது. பிறகு கதையை மாற்றி, ஆளில்லாத லயம் என்று ஆக்கினார்கள். லொறிக்காரன் ஒருவனோடு அவள் ஓடிப்போய்விட்டதாகத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

"எல்லாரும் நம்பிட்டாங்க," என்றார். "நான் பாத்துக்கிட்டுத்தான் தம்பி இருந்தேன். கமராவுல இருந்து கைய எடுக்கல."

ஆகஸ்டில் படம் இணையத்துக்கு வந்தது. நான் துடைத்த அதே படம். தட்டும் சத்தம் இல்லை. விரல்கள் இல்லை. ஆயிரக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நெருப்புக் காட்சி எவ்வளவு தெளிவு என்று பாராட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாராட்டுகளுக்குக் கீழே, ஜீவராணி என்ற ஒரு பெண் எழுதியிருந்தது:

"இந்த எரியிற லயத்திலதான் நான் பொறந்தேன். எங்க அம்மா ராசம்மா எங்கள விட்டுட்டு ஓடிப்போன வருஷம் எடுத்த படம். அவங்க மூஞ்சியில முழிக்கவே கூடாதுன்னு அப்பா சாகும்வரைக்கும் சொல்லுவாரு. இன்னைக்கி பேரப்புள்ளைங்களோட டீவியில பாத்தோம். எங்க வீட்டுக் கதவு கூட அவ்வளவு சுத்தமா தெரியிது. இத செஞ்சவங்களுக்கு ரொம்ப நன்றி."