கோட்டைமேல் கட்டிய வீடு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு சரி. பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்கு வெளியே ஒரு மலையில் பழைய கோட்டை இருக்கிறது. சொந்த வீடு வேண்டுகிறவர்கள், இடிந்த மதிலிலிருந்து விழுந்த கற்களைச் சின்ன வீடாக அடுக்கிவிட்டு வருவார்கள். தொண்ணூற்றெட்டில் நானும் மனைவியும் போய் அடுக்கினோம்.

அங்கே மெலிந்த காவலாளி ஒருவர் இருந்தார். காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அடுக்கியதையெல்லாம் பிரித்துக் கற்களை மதிலோரம் சேர்ப்பது அவர் வேலை. ஒவ்வொன்றின் முன்னும் செருப்பைக் கழற்றிவிட்டு, கையால்தான் பிரித்தார்.

எங்களிடம் வந்து நின்றார். "ஏன் சாமி, ராஜா கட்டினதே நிக்கல. நீங்க மாடி வேற போட்டுட்டீங்களா?"

மனைவிதான் கேட்டாள். "பிரிச்சிடுவீங்களாண்ணா? கல்யாணம் ஆனதுலேர்ந்து வாடகை வீடுதான்."

"பிரிக்கலைன்னா ஆபீசர் திட்டுவாரும்மா. நீங்க எறங்குங்க. கண்ணுக்கு மறைஞ்சதும் பாத்துக்கறேன்."

பாதி மலை இறங்கித் திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் கற்களின் பக்கத்தில் குந்தியிருந்தார். கையை நீட்டவில்லை. நாங்கள் மறையக் காத்திருந்தாரா, மனம் வரவில்லையா என்று இன்றும் தெரியவில்லை.

நீலசந்திரா, பெங்களூர். வாடகை வீடு.
14-3-2004