அடுப்பைச் சுற்றிய நாய்க்குட்டி

நேற்று எங்கள் விஜயநகர் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. சாக்கு விரித்து, பால்சோறு வைத்தோம்.

தின்றுவிட்டுப் பக்கத்துத் தெருவிலிருக்கும் தாயிடமே ஓடிவிட்டது. இன்று காலை நானே போய்த் தூக்கி வந்தேன்.

"அடுப்பச் சுத்தி வாங்க மாமா, அப்பறம் ஓடாது," என்றாள் என் மனைவி. சொந்த ஊரான ராமாபுரத்தில் எங்கள் வீட்டு வழக்கம் அது.

இங்கே கேஸ் அடுப்பு சுவரோரமாக மேடைமேல் இருக்கிறது. அந்த கேஸுக்கு நாங்கள் காத்துக் கிடந்தது தனிக்கதை. அடுப்பைக் கழற்றிக் கூடத்து நடுவில் வைத்து, குட்டியோடு மூன்று சுற்று வந்தேன்.

அப்புறம் வாசல் திறந்தே கிடந்தது. குட்டியோ என் செருப்பின்மேல் தூங்கியது.

செருப்பை மெல்ல உருவிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினேன்.

"எங்கீங்க போறீங்க? நீங்களுந்தான அடுப்பச் சுத்துனீங்க," என்றாள்.

சுற்றியதை அவிழ்க்க உங்கள் ஊரில் ஏதாவது வழி உண்டா?