றஹ்மான் நானாவின் பிக்கப்பில் கேட்ட சத்தம்

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். உங்களை நம்பவைக்க இதைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் சொல்கிறேன். நடந்தது இரவில்கூட இல்லை. திருகோணமலை உட்துறைமுக வீதியில், என்னுடைய கராஜில், ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில்.

கலீலுர் றஹ்மான் நானாவுக்கு அந்த பிக்கப் என்றால் உயிர். ஐம்பதுகளில் வந்த, மூக்கு நீண்ட பழைய பொடி, மேற்கூடு மட்டும். அதற்குக் கீழே வேறு சேசிஸ், யப்பான் எஞ்சின், ஏதோ ஒரு வான் வண்டியின், பின்சில்லு இரண்டையும் தாங்கும் எக்ஸல். நாலு இடத்தில் பொறுக்கித் தன் ஆசைக்குக் கட்டுவித்த வாகனம். ஆனால் அவருடைய மனைவி ஜெமீலா அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். கீழே யாரோ தட்டுகிறார்கள் என்றாராம்.

அந்த ‘யாரோ’வைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. சத்தம் போட ஆள் தேவையில்லை. தேய்ந்த சாமான் ஒன்று போதும்.

அந்த எரிச்சலோடேயே எஞ்சினிலிருந்து பின் எக்ஸலுக்குப் போகிற ஷாப்டின் குரொஸ் மூட்டு இரண்டையும் மாற்றினேன். பெயாரிங் மாற்றினேன். டிப்ரன்ஷலைத் திறந்து பற்சக்கரமெல்லாம் பார்த்துப் பூட்டினேன். ஒவ்வொரு முறையும் நானா திரும்பி வந்தார். சத்தமும் வந்தது.

டக்… டக்… டக்.

ஓட்டிப் பார்த்தபோதுதான் என் கணக்குப் பிழை என்று தெரிந்தது. ஷாப்டில் வருகிற சத்தம் வேகத்தோடு கூடும், குறையும். இது கூடவில்லை. விரட்டினாலும் ஊர்ந்தாலும் ஒரே நிதானம். நியூட்ரலில் விட்டேன். டக். எஞ்சினை நிப்பாட்டி உருளவிட்டேன். டக்.

என்னைப் பேயனாக்குகிறது இந்த வாகனம் என்று பல்லைக் கடித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை நானா பிக்கப்பை விட்டுவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். என்னோடு வேலை செய்யும் நஸ்ரியும் போய்விட்டார். நான் தனிய. பின்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் வைத்தேன். ஷாப்டையே கழற்றி வெளியில் எறிந்தேன். இனி எது தட்டும், பார்ப்போம்.

கீழே போய்ப் படுத்தேன். எஞ்சின் ஓடவில்லை. சில்லு சுற்றவில்லை. துறைமுகப் பக்கமும் அமைதி.

டக்.

எக்ஸலில் கையை வைத்தேன். அடுத்த தட்டு உள்ளங்கையில் இடித்தது. எக்ஸலுக்கு உள்ளேயிருந்து இல்லை… கீழேயிருந்து. நான் படுத்திருந்த பக்கத்திலிருந்து.

நீளமான ஸ்க்ரூ ட்ரைவரின் முனையை எக்ஸலில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தேன். இரும்புக்குள் நடப்பதைக் கேட்க நாங்கள் செய்கிற வழி அது.

டக்…

பிறகு, மூச்சு.

இழுத்து… இழுத்து…

என்னுடையதா? என் மூச்சைப் பிடித்தேன்.

அது நிற்கவில்லை.

கோபம் தலைக்கேறியது. ஸ்பனரால் எக்ஸலில் ஓங்கி அடித்தேன்.

“ஆரடா அது?”

அமைதி.

பிறகு… டக்டக்டக்டக்டக்…

யாருக்கோ கேட்டுவிட்டது என்று தெரிந்த ஒருவர் தட்டுவதுபோல.

காதோடு ஓர் ஆணின் குரல்.

“தூக்குங்கோவன்…”

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை இரண்டும் உரிந்திருந்தன. ஆனால் ஓடவில்லை. ஜக்கை எக்ஸலுக்குக் கீழே தள்ளி உயர்த்தினேன். ஜக் இனி ஏலாது என்று நிற்கும்வரை உயர்த்தினேன்.

சத்தம் நின்றது.

பள்ளியால் வந்த நானாவைக் கண்டதும் கத்தினேன். இந்த எக்ஸலை எங்கே வாங்கினீர்கள்? கட்டைபறிச்சானில் இராசதுரை என்ற ஒருவரிடம் என்றார். அடிபடாத வானில் கழற்றியது என்று சத்தியம் பண்ணித் தந்தாராம். அன்று பின்னேரமே இருவரும் போனோம்.

இராசதுரை முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். கேட்டதும் மறைக்கவில்லை. வான் அவருடைய தம்பியுடையது. தம்பி கீழே படுத்து வேலை செய்தபோது ஜக் சரிந்து, எக்ஸல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆள் தப்பவில்லை.

“இரும்புதானே தம்பி,” என்றார் என்னைப் பார்த்து. “கழுவித்தானே குடுத்தனான்.”

அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டேன். நானாதான் என்னை இழுத்தெடுத்தார்.

பிறகு வேறு எக்ஸல் போட்டோம். பழையதை நானாவுக்குத் தெரிந்த வள்ளக்காரர் ஒருவர் ஆழக்கடலில் போட்டார். பிக்கப்பில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. ஜெமீலா இன்னும் ஏறுவதில்லை.

என் நித்திரையைக் கெடுப்பது வேறு ஒன்று. அன்று நாங்கள் வெளிக்கிடும்போது படலையடியில் இராசதுரையின் தம்பி மனைவி சிவரூபி நின்றார். வானைப் பழைய இரும்புக்குப் போட்டதாகத்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். முற்றத்தில் நடந்த கதையெல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“இன்னும் தட்டுறாரோ?” என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

“அண்டைக்கும் தட்டினவர். கத்த ஏலாமல் ஸ்பனராலை தட்டியிருக்கிறார். வேலை செய்யிறார் எண்டு நான் குசினிக்குள்ள சமைச்சுக் கொண்டு இருந்திட்டன். பிள்ளை நித்திரை, சத்தம் போடாதேங்கோ எண்டு ஒருக்காச் சொன்னனான்.”

நாங்கள் வெளியே வர, படலையைச் சாத்தினார்.

“உடனை நிப்பாட்டிப் போட்டார், தம்பி.”