பதினொரு எச்

நான் மாற்றியது பதினொரு எழுத்துகள். எந்தெந்த வரிகளில் என்று இன்றும் சொல்வேன். அதனால் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு ஜெர்மானியர் குடியிருந்தார். இசையமைப்பாளர், பியானோ ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'ப்ரொஃபசர்'. இளமையில் தன் ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். டாக்டரான மனைவிக்குக் குவைத்தில் வேலை கிடைத்தபோது கூடவே வந்தார். இரண்டு வருடம் என்று வந்தவர், மனைவி இறந்த பிறகும் திரும்பவில்லை. பாடம் சொல்லிக்கொடுத்த நேரம் போக, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். வயலின் வகைக் கருவிகள் நான்குக்கான குவார்டெட் மூன்று முடித்திருந்தார், நான்காவது பாதியில் இருந்தது. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் மேடையில் வாசித்ததில்லை. "என் ரசிகர்கள் இன்னும் பிறக்கவில்லை" என்பார்.

செவ்வாய்க்கிழமை காலைகளில் அவரிடம் பியானோ கற்றவள் என் மனைவி. நாற்பத்து நான்கு வயதில் தொடங்கினாள்.

நான் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். எந்த வரைபடம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனையாவது திருத்தம் என்று பதிவு செய்வது என் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. லிஃப்ட் பழுதான நாட்களைக்கூட டைரியில் குறித்து வைத்திருப்பேன். ப்ரொஃபசர் என்னை 'மிஸ்டர் ரெஜிஸ்டர்' என்றே கூப்பிடுவார்.

அவருடைய ஊர் ஆவணக்காப்பகம் அவர் எழுதிய இசைத்தாள்களை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. முழுப் பட்டியலும் சுருக்கமான வாழ்க்கைக் குறிப்பும் கேட்டார்கள். கையால் எழுதிய மூன்று தாள்களோடு, டைப் செய்து தரச் சொல்லிக் கீழே இறங்கி வந்தார். "தேதிகளை உன்னைவிட நன்றாக யார் பார்ப்பார்கள்?" என்றார் ஆங்கிலத்தில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒவ்வொரு படைப்புக்கும் எதிரே அதன் ஆதார ஸ்வரத்தைக் குறித்திருந்தார். பதினொரு இடங்களில் 'எச்' என்று இருந்தது. மனைவியின் பாட நோட்டைப் புரட்டினேன். ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள்தான் இருந்தன. வயதான கை நடுங்கியிருக்கிறது, சின்ன 'பி'யின் வளைவு கீழே மூடாமல் 'எச்' போல விழுந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பதினொன்றையும் 'பி' ஆக்கினேன். மாடியேறிக் கேட்டிருக்கலாம். அலுவலகத்தில் இப்படிப்பட்ட பிழைகளை நான் கேட்காமலே திருத்துவேன், அதற்காகப் பாராட்டும் வாங்குவேன்.

தட்டச்சுப் பிரதியில் அவர் கண்ணாடி இல்லாமலே கையெழுத்திட்டார். நான் வழக்கப்படி மூலத்தாள்களில் சிவப்பு மையால் 'காலாவதி' என்று எழுதி, கிழிக்கும் இயந்திரத்தில் போட்டேன். புதிய திருத்தம் வந்த பிறகு பழையது யார் கையிலும் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அச்செடுத்த மின்னஞ்சலோடு வந்தார்.

"இங்கே பார். பட்டியலும் இசைத்தாள்களும் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். எங்கள் ஊரில் பி என்றால் ஒரு ஸ்வரம், அதற்கு அரை ஸ்வரம் மேலே இருப்பது எச். நான் எச் எல்லாவற்றையும் பி என்று எழுதியிருக்கிறேன்."

மின்னஞ்சலை வாங்கி முதலிலிருந்து படித்தேன்.

"இந்த வரியைப் பார்," என்று விரலை வைத்தார். "இது என் மனைவிக்காக எழுதியது. அவள் பெயரின் எழுத்துகளே ஸ்வரங்கள். நடுவில் ஒரு எச். அவள் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறேனே! என் கையெழுத்துத் தாள் இருக்கிறதா?"

"கிழித்துவிட்டேன் ப்ரொஃபசர். எங்கள் வழக்கம் அது."

"நான் அதில் என்ன எழுதியிருந்தேன்?"

"இருந்ததைத்தான் டைப் செய்தேன்."

அவர் சந்தேகப்படவே இல்லை. "ஆமாம், நீ ஒரு கமாகூட மாற்றுகிறவன் இல்லை" என்றார். பிறகு தன் நெற்றியை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "என் அப்பாவுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின."

என் மனைவி தேநீர் கொண்டுவந்தபோது அவர் மாடியேறிப் போயிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், பாதியை.

"எச்-ஆ? பாடத்துல அடிக்கடி அவருக்கு வாய்தவறி வருமே. எங்க ஊர் எட்டாவது புள்ளைன்னு சிரிப்பாரு. அவரா மாத்தி எழுதுவாரு?" என்றவள் என்னையே பார்த்தாள். "நீங்க கை வச்சீங்களா?"

"பதினொரு இடத்துல" என்றேன்.

"எதைப் பாத்தாலும் திருத்திப்புடணும் உங்களுக்கு! பக்கத்துலயே நான் இருக்கேன், ஒரு வார்த்தை கேட்டா கிரீடம் விழுந்துடுமா? எந்திரிங்க, மேல போய்ச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பாடத்துக்குப் போன மனைவி பத்து நிமிடத்தில் திரும்பினாள். பாடங்களை நிறுத்திவிட்டாராம். எச் எது, பி எது என்று தெரியாதவன் கற்றுத்தரக் கூடாது என்றாராம். நான்காவது குவார்டெட்டைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாராம். "நான் சொல்லிருப்பேன். உங்க வாயால வரட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

அன்றும் நான் போகவில்லை. டைரியில் மட்டும் உண்மையை எழுதினேன், தேதி போட்டு, நேரம் போட்டு. எழுதிவிட்டால் பாதி சொன்ன மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோடையில் அவருடைய தங்கை மகள் வந்து அவரை ஜெர்மனிக்கு அழைத்துப் போனாள். விமான நிலையத்துக்கு என் காரில்தான் கொண்டுவிட்டேன். நாற்பது நிமிடப் பயணத்தில் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

போன மாதம், அங்கே அவர் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு ஃபோன் செய்தேன். மனைவிதான் எண்ணை அழுத்திக் கையில் கொடுத்தாள். முழுவதையும் சொன்னேன். பதினொரு இடம், பாட நோட்டு, சிவப்பு மை, என் பொய், எல்லாம்.

"மிஸ்டர் ரெஜிஸ்டர், நீ நல்ல மனிதன்," என்றார் கடைசியில். "ஒரு கிழவனுக்கு ஆறுதல் சொல்ல உன் பெயரையே கெடுத்துக்கொள்கிறாய்."

"இல்லை ப்ரொஃபசர், சத்தியமாக நான்தான்."

"நீ தப்பு செய்யமாட்டாய். எனக்குத் தெரியும். அதுவாவது எனக்கு ஞாபகம் இருக்கிறது."

மீண்டும் சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் குரலில் நன்றிதான் கூடிக்கொண்டே போனது.