காட்சிக்கு வைத்த மாத்திரைகள்

கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவர்களே, உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: அரசு டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவனுக்குப் பாதி நாள் வேலை, மருந்து இல்லை என்று சொல்வதுதான்.

சிவப்பு மை

தொண்ணூறுகளில் டெல்லியில் நான் இருந்த டிஸ்பென்சரியில், இல்லாத மருந்தைச் சீட்டில் சிவப்பு மையால் சுழிப்போம். பொன்னம்மாவின் சீட்டில் மூன்று வாரமாக அதே சுழி. விழுப்புரம் பக்கத்துக்காரர், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை. மாத்திரை கணவருக்கு. தவறினால் வலிப்பு வந்துவிடும். அவரோ கட்டட வேலையில் சாரம் ஏறுகிறவர். வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

"வாங்க முடிஞ்சா இங்க எதுக்கு சார் வந்து நிக்கிறேன்?"

வாசலில் இரண்டு ஜீப்

தேர்தல் வந்தது. டிஸ்பென்சரியைத் தனியாரிடம் விட்டால் மருந்துக்குத் தட்டுப்பாடே இருக்காது என்றது ஒரு ஜீப். எல்லா மருந்தும் இலவசம் என்றது இன்னொன்று. இப்போதும் இலவசம்தானே, இனி எதை இலவசமாக்குவார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல். வரிசை இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கூடக் கையைத் தேய்த்தபடி வாதாடினார். பொன்னம்மா மட்டும் நேரே போய், எந்தத் தேதியிலிருந்து என்று இலவசம் சொன்ன ஜீப்பில் நின்ற வேட்பாளரை இந்தியில் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"தேதி கேட்டா கும்புடுறாரு சார்."

நிரம்பிய அலமாரி

ஜெயித்தவர் பார்வையிட வருகிறார் என்றதும், ஸ்டோர்கீப்பர் சர்மா வேறொரு டிஸ்பென்சரியில் மருந்துகளைக் கடன் வாங்கி அலமாரியை நிரப்பினார். சாயங்காலம் திருப்பித் தரவேண்டும், ஒரு அட்டையைக்கூடத் தொடாதே பையா என்று எனக்கு உத்தரவு.

எம்.எல்.ஏ. உள்ளே இருக்கும்போதே பொன்னம்மா வந்து நின்றார். முந்தின நாள் கணவருக்குச் சாரத்திலேயே வலிப்பு வந்ததாம்; கூட நின்றவர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்களாம். சொல்லும்போது அவர் கண் என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் இருந்தது. அதே மாத்திரை, அடுக்கடுக்காக. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொடுத்து, ரெஜிஸ்டரிலும் எழுதினேன். எம்.எல்.ஏ. "ஷாபாஷ்" என்று என் தோளைத் தட்டினார், போட்டோ எடுத்தார்கள். சர்மா முகத்தில் ஈயாடவில்லை. பொன்னம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு மெல்லக் கேட்டார்:

"இவரு மாசாமாசம் வரமாட்டாரா சார்?"

சீர்திருத்தம் எதுவரை வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அடுத்த வாரம் எனக்கு வந்த மெமோவைத்தான்: அலமாரியில் இருந்த மருந்தை நோயாளிக்குக் கொடுத்தது ஏன் என்று அதில் விளக்கம் கேட்டிருந்தார்கள்.