ஐந்தாண்டு மழை

தேனியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நகராட்சி மழைநீர் வடிகால் கட்டத் தீர்மானித்தபோது, மழையின் வேகத்தைக் கணக்கிட்டுத் தரும் வேலை என்னிடம் வந்தது. ஊரின் பெயர் வேண்டாம். இங்கே எந்த ஊரைக் குறித்து எழுதினாலும் அடுத்த ஊர்க்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருந்தால் வடிகாலுக்கு ஒன்றும் ஆகாது. அதே தண்ணீர் கால் மணி நேரத்தில் கொட்டினால்தான் தெரு ஆறாகும். அப்படிப்பட்ட கொட்டுமழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடும் என்று பழைய பதிவுகளிலிருந்து நான் மதிப்பிட வேண்டும். ஆனால் எனக்குக் கிடைத்த பதிவுகளில் ஒரு நாளைக்கு ஓர் எண்தான் இருந்தது. காலையில் மழைமானியைப் பார்த்து, முந்தைய நாளின் மழையை மொத்தமாக எழுதிவிடுவார்கள். ஒருவர் நேற்று தின்ற இட்லியின் எண்ணிக்கையைச் சொல்லி, அவற்றை எவ்வளவு வேகமாகத் தின்றார் என்று கண்டுபிடிக்கச் சொல்வது மாதிரி. அதற்கும் சூத்திரங்கள் உண்டு. ஒரு கோடை விடுமுறை முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டினேன்.

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனாருக்கு இந்த வேலை மிகவும் பிடித்துப்போனது. பழுத்த குலையில் மழை பட்டால் பழம் வெடித்துவிடும். அதனால் அவர் தினமும் போன் செய்தார்.

"ஏத்தா, நாளைக்கு மழ வருமா? குலைய வெட்டவா, விடவா?"

"அது வேற ஆபீஸ் மாமா. என்னைக்கு வரும்னு எனக்குத் தெரியாது. வந்தா எப்படி வரும்கிறதுதான் என் கணக்கு."

அவர் போனை வைத்தார். பிறகு ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: "எம் மருமக மழைய அளக்குற பெரிய படிப்புப் படிச்சிருக்கு. மழ என்னைக்கு வரும்கிறது மட்டும் பாடத்துல இல்லையாம்."

கணக்கு முடிந்ததும் நகராட்சிக் கூட்டத்தில் விளக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைத் தாங்கும்படி வடிகால் இருப்பது நல்லது என்று ஆரம்பித்தேன். தலைவர் முகம் மலர்ந்தது.

"போன ஐப்பசியிலதேன் பேய்மழ பேஞ்சுச்சு. அப்ப இன்னும் இருபத்தஞ்சு வருசத்துக்கு நமக்குக் கவல இல்ல!"

அப்படி இல்லை, தாயம் போட்ட மறு உருட்டலிலும் தாயம் விழலாம், அடுத்த ஆண்டே இன்னொரு பேய்மழை வரலாம் என்றேன். பின்வரிசையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். "தாயக்கட்டையெல்லாம் சொல்றாக. சூதாட்டத்துக்கு எப்படித் தலைவரே நிதி ஒதுக்குறது?"

பொறியாளர் தலைவரின் காதில் செலவைச் சொன்னார். அதோடு என் கணக்கு கம்பம் சந்தையில் பேரத்துக்கு இறக்கிய வாழைத்தார் ஆகிவிட்டது. இருபத்தைந்து பதினைந்தாகி, பதினைந்து பத்தானது. கடைசியில் தலைவர் மேசையைத் தட்டினார்.

"மேடம், எங்க பதவியே அஞ்சு வருசந்தேன். அஞ்சு வருசத்துக்கு ஒருக்க வர்ற மழையத் தாங்குனாப் போதும். அதுக்கு மேல வர்ற மழைய அடுத்து வர்றவுக பாத்துக்கிருவாக."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மழைக்குத் தேர்தல் எதுவும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வடையும் காப்பியும் வந்துவிட்டன. நானும் சாப்பிட்டேன்.

வடிகால் கட்டி முடித்து, மேலே சிமெண்ட் பலகையும் போட்டு மூடினார்கள். அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம், மாமனார் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் தேனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க் கடைத்தெருவில் நுழைந்ததும் மழை கொட்டியது. கால் மணி நேரத்தில் தண்ணீர் முழங்கால் அளவு ஏறி, பஸ் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். தெருவில் செருப்புகள் மிதந்து போயின. மருந்துக்கடைக்காரர் இருமல் மருந்துப் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றார்.

வடிகால் நிரம்பி வழிகிறது, என் கணக்கு பொய்த்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீருக்குள் நடந்துபோய்ப் பலகை இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தேன். உள்ளே அடியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். வடிகாலின் சுவர் தெருத் தண்ணீருக்கும் மேலே ஒரு சாண் உயரமாக நின்றது. தண்ணீர் நுழைய அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.

பொறியாளர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"ரோட்ட ஒசத்துறது வேற திட்டம் மேடம். அது வந்துருச்சுன்னா மட்டம் சரியாயிரும்."

"அது எப்ப வரும்?"

"வரும்."

"அதுவரைக்கும் சுவருல அங்கங்க ஓட்டையாவது போடலாமே சார்?"

"ஓட்டைக்கு எஸ்டிமேட்ல எடமில்ல மேடம்."

அந்த நேரத்தில் தலைவரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். பலகை இடுக்கில் எட்டிப் பார்த்து நிமிர்ந்தவர் முகத்தில் பெருமை வழிந்தது. "பாத்தீகளா! இம்புட்டு மழையிலயும் நம்ம வடிகால் ஒரு சொட்டுப் பொங்கல. மேடம் போட்ட கணக்கு அப்படி!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஓட்டை என்ற சொல் மட்டும் மருந்துக்கடைக்காரர் காதில் விழுந்திருக்கிறது. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து கடப்பாரை வாங்கி வந்தார்.

"இங்கன போட்டாப் போகுமா டீச்சர்?"

"இன்னும் கொஞ்சம் கீழ போடுங்கண்ணே," என்றேன்.

பொறியாளர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சுவர் உடைந்ததும் தண்ணீர் தொண்டை காய்ந்தவன் குடிக்கிற மாதிரி மடக்மடக்கென்று உள்ளே போனது. அத்தனை நாள் போட்ட கணக்கில் எனக்குக் கிடைக்காத சந்தோஷம் அந்தச் சத்தத்தில் கிடைத்தது. மற்ற கடைக்காரர்களும் ஆளுக்கொரு இடத்தில் உடைத்தார்கள். மழை விடும்போது தெருவின் சேறு வெளியே தெரிந்தது.

மறுநாள் அந்த மழையின் அளவைக் கேட்டு வாங்கினேன். மழைமானி இருந்தது ஊரின் மறுகோடியில். அந்தப் பக்கம் மேகம் சும்மா எட்டிப் பார்த்ததோடு சரி. பதிவின்படி அன்று ஊரில் பெய்தது தூறல்.

அடுத்த மாதம் நகராட்சியில் ஒரு விழா நடத்தி, வெள்ளத்திலிருந்து கடைத்தெருவைக் காத்த வடிகாலுக்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஓட்டை போட்டது மருந்துக்கடை அண்ணன் என்று சொல்லத் தொடங்கியபோது மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியதாக நகராட்சி அனுப்பிய நோட்டீஸ் அவர் சட்டைப்பையில் இருந்தது.

விழா முடிந்ததும் அவர் கடையில் உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தேன். சுவரை உடைத்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. 'வடிகாலின் நீர் உள்வாங்கும் திறனை மேம்படுத்தும் களப்பரிசோதனை' என்று எழுதினேன். அண்ணன் இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

"கடப்பாரைன்னு எங்கயுமே வரலையே டீச்சர்?"

"வராதுண்ணே. கையெழுத்துப் போடுங்க."

நகராட்சியிலிருந்து மறுகடிதம் எதுவும் வரவில்லை. யாரும் வந்து ஓட்டையை அடைக்கவுமில்லை.